பதினான்கு டிகிரி

2005 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு செய்கு முகம்மது, மாலை ஆறு மணிக்கான வெப்ப அளவை எழுதினான்.

ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கான கட்டங்களை அதற்கு முன்பே நிரப்பியிருந்தான். எல்லாவற்றிலும் 14. முந்தின நாள் தாளிலும் 14. பேனாவை மூடினான்.

அலுவலக ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. முற்றத்தின் கடைசியில், வேலியோரம், வெள்ளைக் கன்டெய்னர் நின்றது. குளிரூட்டி பொருத்திய கன்டெய்னர். ரீஃபர் என்பார்கள். உள்ளே பிரான்சிலிருந்து வந்த வைன். சுங்க விடுமுறை முடிந்து சனிக்கிழமைதான் இறக்க முடியும். அதுவரை மின்சார இணைப்பில் நிற்க வேண்டும். அளவு காட்டும் சிறிய பெட்டி அதன் மறுபக்கம் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் நடந்துபோய்ச் சுற்றிவர வேண்டும்.

அவன் போகவில்லை. குளித்திருந்தான். ஜும்ஆ தொழுகைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

ஜெபல் அலியில், ஓட்டல்களுக்கு மது இறக்குமதி செய்யும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு நான்கு வருட வேலை. சேரும்போது மேலாளர் சேதுமாதவனிடம் ஒரு நிபந்தனை சொன்னான். தாள் வேலை மட்டும் செய்வான். பெட்டியைத் தொட மாட்டான். கிடங்குக்குள் கால் வைக்க மாட்டான்.

சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர். சிரித்தார்.

"தொட வேண்டாம் ஷேக்கே. நீ படிச்சாப் போதும்."

படிக்க ஆள் தேவைப்பட்டது. துபாயில் மாதத்துக்கு ஒரு ஓட்டல் திறந்தார்கள். எல்லா ஓட்டலும் பிரெஞ்சு வைன் கேட்டது. சரக்குத் தாள்கள் பிரெஞ்சில் வந்தன. செய்கு முகம்மது காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்.

ஊரில் மனைவி மதீனா பீவியிடம், சாப்பாட்டுச் சாமான் கம்பெனி என்று சொல்லியிருந்தான். அவளும் அதையே தெருவில் சொன்னாள். வேறு வேலை தேடுவதாக அல்லாஹ்விடம் சொல்லியிருந்தான். நான்கு வருடமாகத் தேடவில்லை. கை படாதவரை பாவம் பாதிதான் என்று நினைத்துக்கொண்டான். அப்படிச் சொன்னவர் யாரும் இல்லை.

அளவு பார்ப்பது அவன் வேலை இல்லை. குளிர்க்கிடங்குப் பொறுப்பு ஜெகினுடையது. குளச்சல் பையன், இருபத்தெட்டு வயது. புதன்கிழமை மாலை கன்டெய்னரை இணைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பாய், ஒரு உவகாரம் செய்யணும்."

"சொல்லு."

"முசஃபாவுல நம்ம கூட்டுக்காரன் பெர்லினுக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம். நாந்தான் ஞானத்தகப்பன். ரெண்டு நாளு வேணும்."

"லீவு எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா சேட்டன் தருவாரா? நாப்பது கேள்வி கேப்பாரு. நீங்க அந்த ரீஃபர மட்டும் பாத்துக்கிட்டா மதி. மூணு மணிக்கொருக்கா போயி நம்பரப் பாத்து எழுதணும். அவ்வளவுதான். கரண்டு போனா சொவருல இருக்க பிரேக்கரத் தூக்கிவிடணும். தொறக்காண்டாம். தொடாண்டாம்."

"நான் அந்தப் பக்கம் போறதில்ல, உனக்குத் தெரியுமே."

"வெளிய நின்னு நம்பரு பாக்கதுக்கு என்ன பாய்? நம்பருக்குப் போதை ஏறுமா?"

செய்கு முகம்மது சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒருமுறை போனான். பெட்டியில் 14 என்று பச்சையாக எரிந்தது. கன்டெய்னர் உறுமியது. உள்ளே அடுக்கியிருந்ததை நினைத்தான். சட்டை அதன்மேல் படாமல் விலகி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். இயந்திரம்தானே, மாறாது என்று தோன்றியது. அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜெகின் வந்தான். தோளில் பை, பையில் ஞானஸ்நான வீட்டு கேக். நேராக முற்றத்துக்குப் போனான். ஓடி வந்தான்.

"நம்பரே இல்ல பாய்."

"என்ன?"

"பெட்டி செத்துக் கெடக்கு. பிரேக்கரு விழுந்துருக்கு."

கதவைத் திறந்தார்கள். செய்கு முகம்மது பத்தடி தள்ளி நின்றான். சூடு முதலில் வந்தது. பிறகு வாசனை. அட்டைப் பெட்டிகளின் அடியில் கறுஞ்சிவப்பாக ஊறியிருந்தது. ஜெகின் ஒரு பெட்டியைப் பிரித்தான். பாட்டில்களின் தக்கைகள் மேல் உறையைக் கிழித்துக்கொண்டு விரலளவு வெளியே வந்திருந்தன.

ஜெகின் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் தாளை எடுத்துவந்தான். முற்றத்து வெயிலில் நின்று படித்தான்.

"எப்பம் பாத்தீரு பாய்?"

"வியாழன் காலைல."

"பெறவு?"

செய்கு முகம்மது தாளை வாங்கக் கை நீட்டினான்.

"அப்பம் இந்தப் பதினாலெல்லாம்?"

"ஜெகின்."

"ஒரு போன் அடிச்சிருந்தீருன்னா நான் வாச்மேன் ராமையாவ விட்டுப் பாக்கச் சொல்லிருப்பேனே. ஏன் பாய்?"

ஒன்பது மணிக்கு சேதுமாதவன் வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். ஒரு தக்கையைத் தட்டிப் பார்த்தார். பதிவுத் தாளை வாங்கினார். அவர் முகம் தெளிந்தது.

"லாக் நல்லா இருக்கே."

இருவரும் பேசவில்லை. ஜெகின் லீவு எழுதாமல் போனவன்.

"பதினாலுலயே நின்னிருக்கு. அப்போ நம்ம பக்கம் குத்தம் இல்ல. சரக்கே மோசம். பாட்டில்ல அடைச்சதுலயே கோளாறு. மனசிலாச்சா?"

பிரேக்கரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை என்று செய்கு முகம்மதுவுக்குத் தோன்றியது.

கடிதத்தை அவன்தான் பிரெஞ்சில் எழுதினான். தயாரிப்பிலேயே உள்ள குறை என்பதற்கு அந்த மொழியில் அழகான ஒரு சொற்றொடர் உண்டு. அதைத் தேடாமலே கை எழுதியது. பதிவுத் தாளின் நகலை இணைத்தான். அனுப்ப வேண்டிய பெயர்: மதாம் ஒடீல் கஸ்தான், தோட்ட உரிமையாளர்.

பத்து நாளில் பதில் வந்தது. நானே வருகிறேன் என்று ஒரே வரி.

ஆகஸ்ட் 29 காலை, கம்பெனி பிக்கப்பை ஓட்டிக்கொண்டு பர் துபாய் ஓட்டலுக்குப் போனான். முதலாளியம்மாளை எதிர்பார்த்திருந்தான். வாசலில் நின்றவர் குள்ளமாக, அறுபதை நெருங்கும் வயதில், ஆண்கள் போடும் தடித்த செருப்போடு இருந்தார். நகக்கண்கள் கறுத்திருந்தன. தோள்பையில் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில்.

"நீங்கள்தான் மிசே முகம்மதா? கடிதம் எழுதியவர்?"

"ஆமாம் மதாம்."

"நல்ல பிரெஞ்சு. எங்கள் ஊர் நோட்டரியைவிட நல்ல பிரெஞ்சு. எங்கே படித்தீர்கள்?"

"காரைக்காலில்."

"அது எங்கே?"

"ஒரு காலத்தில் உங்கள் நாட்டில்."

அவர் உரக்கச் சிரித்தார். பிறகு ஜெபல் அலி வரை அவனிடம் பேசிக்கொண்டே வந்தார். துபாயில் இறங்கியதிலிருந்து அவர் மொழி பேசிய முதல் ஆள் அவன்.

கணவர் இறந்து ஐந்து வருடம். சரிவில் டிராக்டர் கவிழ்ந்தது. அதே டிராக்டரைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுகிறார். புதிது வாங்க வழியில்லை. முதல் வருடம் ஊரில் மருந்தடிக்க ஒருவரும் வரவில்லை. ஒரு பெண்ணிடம் கூலிக்கு வர ஆண்கள் கூச்சப்பட்டார்கள். தானே முதுகில் கட்டிக்கொண்டு அடித்தார். இரண்டாம் வருடம் உறைபனி. மூன்றாம் வருடம் வந்த வைனைத்தான் துபாய்க்கு அனுப்பினார். வெளிநாட்டுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு.

"என் மைத்துனருக்குத் தோட்டத்தில் பாதிப் பங்கு. விற்றுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தயாராக இருக்கிறார். நோட்டரி முன்னால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் செய்யும் வைன் குறை என்று திரும்பாதவரை நான் நடத்தலாம். ஒருமுறை திரும்பினால் விலகிக்கொள்ள வேண்டும்."

செய்கு முகம்மது சாலையைப் பார்த்தான்.

"இதுவரை திரும்பியதில்லை. உங்கள் கடிதம்தான் முதல். மிசே முகம்மது, நான் நஷ்டஈடு கேட்க வரவில்லை. அது காப்பீட்டுக்காரர் பாடு. எனக்கு ஒரு தாள் வேண்டும். வைன் இங்கே வந்த பிறகுதான் கெட்டது என்று ஒரு தாள். அப்படி நடந்திருந்தால் மட்டும்."

"புரிகிறது மதாம்."

"அறுவடைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நான் இங்கே இருக்கக் கூடாது."

கிடங்கு வாசலில் சேதுமாதவன் டை கட்டி நின்றார். ஜெகின் தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் பக்கம் நின்றான். நாற்காலி போட்டிருந்தார்கள். மதாம் கஸ்தான் உட்காரவில்லை. நேராக உள்ளே நடந்தார். செய்கு முகம்மது வாசலில் நின்றுவிட்டான். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் வரவில்லையா?"

"வா ஷேக்கே," என்றார் சேதுமாதவன். "இன்னைக்கு ஒரு நாள். உன்னை யாரும் குடிக்கச் சொல்லலை."

உள்ளே போனான். நான்கு வருடத்தில் முதல்முறை. குளிராக இருந்தது. மற்றபடி எந்தக் கிடங்கையும் போலத்தான் இருந்தது.

அவர் ஒரு பெட்டியைத் தானே தூக்கிக் கீழே வைத்தார். ஒரு பாட்டிலைத் திறந்தார். துண்டைப் பிரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலையும் திறந்தார். இரண்டும் ஒரே வருடம், ஒரே பீப்பாய் என்றார். இரண்டு கிளாஸில் ஊற்றினார். முகர்ந்தார். வாயில் வைத்து, வாளியில் துப்பினார். மறுபடி முகர்ந்தார். இரண்டு கிளாஸையும் அவன் பக்கம் நீட்டினார்.

"நான் குடிப்பதில்லை மதாம்."

"மன்னியுங்கள். நான் யோசிக்கவில்லை. முகர்ந்து மட்டும் பார்ப்பீர்களா? எனக்கு இன்னொரு மூக்கு வேண்டும். என் மூக்கை நான் இப்போது நம்பவில்லை."

முகர்ந்தான். அவர் கையோடு கொண்டுவந்ததில் ஈர மண், ஏதோ பழம். கிடங்குப் பாட்டிலில், சீனிப்பாகு அடிபிடித்த வாசனை. பெருநாளைக்கு முந்தின நாள் வீட்டில் அல்வா கிளறும்போது, மதீனா பீவி கொஞ்சம் கண்ணயர்ந்தால் வரும் வாசனை.

"எப்படி இருக்கிறது?"

"வித்தியாசம் இருக்கிறது மதாம்."

"இது வெந்திருக்கிறது," என்றார். "வெயிலில் வெந்திருக்கிறது. அவரிடம் கேளுங்கள்."

செய்கு முகம்மது தமிழில் சொன்னான்.

"லாக்கக் காட்டு," என்றார் சேதுமாதவன்.

மதாம் கஸ்தான் கண்ணாடி போட்டுக்கொண்டார். நகலாக ஏற்கெனவே பார்த்ததுதான். அசலை விரலால் தடவிப் படித்தார். புதன்கிழமை மாலை, ஜெகின் கையெழுத்தில், 14.2, 13.9. வியாழன் 14, 14, 14, 14, 14. வெள்ளி 14, 14, 14, 14, 14.

"என் கணவர் முப்பது வருடம் நிலவறையின் அளவை எழுதினார். நிலவறை பூமிக்குக் கீழே எட்டு மீட்டர். அங்கேகூட எண் இப்படி அசையாமல் நின்றதில்லை."

"மெஷின் புதுசுன்னு சொல்லு," என்றார் சேதுமாதவன்.

"இயந்திரம் புதியது மதாம்," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஜப்பானில் செய்தது. மிகத் துல்லியமானது," என்று சேர்த்தான். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்தது.

"இதை யார் எழுதினார்?"

"நான்தான் மதாம்."

"நீங்களா?" அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "ஒவ்வொரு முறையும் நீங்களே போய்ப் பார்த்தீர்களா?"

சேதுமாதவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஜெகினுக்கும் தெரியாது. அந்த இடத்தில் அந்தக் கேள்வி அவனுக்கும் மதாம் கஸ்தானுக்கும் இடையில் மட்டும் இருந்தது.

"பார்த்தேன்," என்றான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதிவுத் தாளை மடித்து, அவனைப் பார்த்துத் தலையை ஆட்டி, அவனிடமே கொடுத்தார்.

"அப்படியானால் சரி. என்னை மன்னியுங்கள் மிசே முகம்மது. விமானத்தில் வரும்போதெல்லாம், இந்தத் தாளை எழுதியவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"கப்பல் தவறிவிடும் என்று பயந்து, துபாய்க்கான பாட்டில்களைப் பத்து நாள் முன்னதாக அடைத்தேன். என் கணவர் இருந்திருந்தால் பொறுத்திருப்பார். அப்படியானால் அதுதான். என் கைதான்."

"என்ன சொல்றாங்க?" என்றார் சேதுமாதவன்.

"நம்ம மேல குத்தம் இல்லங்கிறாங்க."

"வெரி குட். டீ கொண்டுவரச் சொல்லு."

அவரை ஓட்டலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஜெகின் காத்திருந்தான்.

"அந்த அம்மா எதுக்கு ஒம்மப் பாத்து அப்படித் தலைய ஆட்டிச்சு?"

"மன்னிப்புக் கேட்டாங்க."

"யாருட்ட?"

"என்கிட்ட."

ஜெகின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏசுவே. ஒம்மகிட்டயா?"

"தோட்டம் போயிடும் அவங்களுக்கு. குறை தன்னோடதுன்னு நம்பிட்டாங்க."

"வாரும் பாய். நாம ரெண்டு பேருமா போயிச் சொல்லிருவோம். நான் லீவு எழுதாமப் போனேன்னு சொல்லுதேன். என்ன செய்வாங்க? விசா கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்புவாங்க. அனுப்பட்டு. கடல் எங்கயும் போவலல்லா."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நான் சொல்லியும் என்ன ஆவப் போவுது? எனக்கு எங்க அந்தப் பேச்சு வருது?" ஜெகின் அவனை நேராகப் பார்த்தான். "ஒமக்குத்தான் வரும்."

அன்று முவைலாவில் தங்கியிருந்த அறையில் மஃரிப் தொழுதபோது எத்தனை ரக்அத் முடித்தோம் என்று மறந்துபோனான். மீண்டும் முதலிலிருந்து தொழுதான். மதீனா பீவி போன் செய்தாள்.

"சாப்டீங்களா மச்சான்? கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"வேல கூடுதல்."

"நம்ம பத்ருன்னிசா மாப்புள்ளைக்கு உங்க கம்பெனியில எடம் இருக்கான்னு கேக்குறா. உங்க அரிசி பருப்பு கம்பெனியில."

"பாக்குறேன்."

"இப்பிடித்தான் சொல்றீங்க. ஹலாலான வேல, நல்ல எடம்னு ஊரே பேசுது. ஒருத்தரையாவது ஏத்திவிடுங்களேன்."

மறுநாள் பதினொரு மணிக்கு மதாம் கஸ்தானை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனான். சேதுமாதவன் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். மதாம் அதை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே கிரேன்கள் நின்றன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"நேற்றே மைத்துனருடன் பேசிவிட்டேன்," என்றார். "குறை என்னுடையது என்று சொன்னேன். தொலைபேசியில் சொல்வது சுலபமாக இருந்தது. வியாழக்கிழமை நோட்டரியிடம் போகிறோம்."

"இந்த அறுவடை?"

"வாங்குகிறவர் செய்வார்." சிறிது நேரம் கழித்து, "உங்கள் மனைவிக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டார். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

"அவளுக்குத் தெரியாது மதாம். சாப்பாட்டுச் சாமான் என்று சொல்லியிருக்கிறேன்."

"எங்களுக்கு அது சாப்பாட்டுச் சாமான்தான்." கொஞ்சம் சிரித்தார். "ஏன் சொல்லவில்லை?"

"எங்களுக்கு விலக்கப்பட்டது."

"ஆனாலும் செய்கிறீர்கள்."

"தொடுவதில்லை. கிட்டே போவதில்லை. எழுத மட்டும் செய்கிறேன்."

சொன்னபோதே அது அவன் காதில் விழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தான். சுத்தமாக இருந்தன.

"மதாம், அந்த எண்களை நான் பார்க்கவில்லை."

அவர் திரும்பினார்.

"வியாழன் காலை ஒருமுறை பார்த்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கு உரியதை எல்லாம் காலையிலேயே எழுதினேன். மின்சாரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது. சனிக்கிழமை திறந்தபோது உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. உங்கள் வைனில் குறை இல்லை."

"ஏன் போகவில்லை?"

"அன்று வெள்ளிக்கிழமை. குளித்திருந்தேன்."

அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றார். முகத்தில் அது தெரிந்தது. புரிந்துகொண்டார்.

"வண்டியை நிறுத்துங்கள்."

சாலையோரம் நிறுத்தினான். அவர் இறங்கி வெயிலில் நின்றார். பேரீச்சம்பழப் பெட்டி இருக்கையில் கிடந்தது. லாரிகள் கடந்தபோது அவர் சட்டை படபடத்தது. அவன் இறங்கலாமா என்று யோசித்தான். இறங்கவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது அவர் முகம் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"நேற்று நீங்கள் பார்த்தேன் என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இரவெல்லாம் அந்தப் பத்து நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அவசரப்பட்டேன், ஏன் அவசரப்பட்டேன் என்று."

அவன் தலை குனிந்தான்.

"நான் உங்களைத் திட்டப் போவதில்லை. அதற்கு நேரமில்லை. எனக்குச் சொன்னதை எழுதித் தாருங்கள். வியாழக்கிழமை அது என் கையில் இருந்தால் மைத்துனர் ஒன்றும் செய்ய முடியாது. எழுதுவீர்களா?"

"எழுதுகிறேன்."

அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். அவர் முகம் கழுவப் போனார். டேஷ்போர்டிலிருந்து கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து, ஸ்டியரிங் மேல் வைத்து எழுதினான். தேதி. கன்டெய்னர் எண். எந்த நாள், எந்த மணி. எந்த எண்கள் பார்க்காமல் எழுதப்பட்டவை. கதவு திறந்தபோது கண்டது. ஜெகின் பெயரை எழுதவில்லை. சரக்கு வந்து சேர்ந்தபோது நல்ல நிலையில் இருந்தது என்று முடித்தான். அடித்தல் திருத்தல் இல்லை. பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து.

கடைசி வரிக்குக் கீழே பேனா நின்றது. சேதுமாதவன் இதைப் படிக்க யாரையாவது பிடிப்பார். கேன்சல் அடிப்பார்கள். காரணம் எழுதுவார்கள். மதுக் கம்பெனி என்ற பெயர் தாளில் இருக்கும். காரைக்காலில் மதீனா பீவி அந்தத் தாளைப் பிரிப்பாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் வருவது தெரிந்தது. தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தான்.

"நன்றி," என்றார் அவர். பையில் வைத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் புறப்பாட்டு வாசலில் வரிசையாக வண்டிகள். பெட்டியை இறக்கி, டிராலியில் வைத்தான். பேரீச்சம்பழப் பெட்டியை அவர் எடுக்கவில்லை. அவனும் நீட்டவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து பிக்கப்பின் முகப்பைத் தட்டினார்.

"யல்லா, யல்லா."

"ஒரு நிமிடம்," என்றார் மதாம் கஸ்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் உறையிலிருந்து தாளை எடுத்து, டிராலியில் சாய்ந்து, மெதுவாகப் படித்தார். தலையை ஆட்டினார். தாளைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

போலீஸ்காரர் மீண்டும் தட்டினார். செய்கு முகம்மது சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தாளோடு சேர்த்து அவன் பக்கம் நீட்டினார். குரலில் கோபமில்லை. நேற்று கிளாஸை நீட்டியபோது இருந்த அதே மரியாதை இருந்தது.

"மிசே முகம்மது, நீங்கள் கையெழுத்துப் போட மறந்துவிட்டீர்கள்."